சிகிச்சைக்கு முந்திய பதற்றம்: லாச்சப்பல் தமிழருக்கு எந்த மொழியில் ஆறுதல்?

பாரிஸ் நகரின் வடபகுதியில், கார் து நோர் ரயில் நிலையத்துக்கும் லாச்சப்பல் மெட்ரோ நிலையத்துக்கும் இடைப்பட்ட வீதிகளில் தமிழ்க் கடைகளும் உணவகங்களும் வரிசையாக அமைந்திருக்கின்றன. 1854ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட லாரிபோசியர் மருத்துவமனை இந்த வட்டாரத்தை ஒட்டியே உள்ளது. தமிழ்க் கடைகள் செறிந்திருக்கும் ஃபோபூர் சென் தெனி வீதியின் 200ஆம் இலக்கத்தில் ஃபெர்னான் விதால் மருத்துவமனை நீண்டகாலமாக இயங்கிவந்துள்ளது.

மருத்துவமனை அருகில் இருப்பதால் அதன் மீதான அச்சம் குறைந்துவிடுவதில்லை. அறுவைச் சிகிச்சைக்கோ, குழாய் செலுத்திச் செய்யப்படும் பரிசோதனைக்கோ, புற்றுநோய் சிகிச்சைக்கோ நாள் குறிக்கப்பட்ட பிறகு பலருக்கும் உறக்கம் போய்விடுகிறது. பிரெஞ்சு மொழி சரளமாக வராத ஒருவருக்கு இந்த அச்சம் இரட்டிப்பாகிறது. தன் உடலில் என்ன செய்யப்போகிறார்கள் என்பதும் அவருக்கு முழுமையாகப் புரிவதில்லை, தன் பயத்தைச் சொல்லவும் அவரிடம் சொற்கள் இல்லை.

இந்தப் பதற்றத்தைத் தணிக்க மருந்தல்லாத வழிமுறைகளைப் பயன்படுத்தும் போக்கு பிரெஞ்சு மருத்துவமனைகளில் வளர்ந்துள்ளது. ஹிப்னாஸிஸ் எனப்படும் அறிதுயில், சோஃப்ரோலஜி என்று அழைக்கப்படும் தளர்வுப் பயிற்சி, மூச்சுப் பயிற்சி, இசை ஆகியவை அவற்றுள் முக்கியமானவை. இவற்றில் அறிதுயிலும் சோஃப்ரோலஜியும் பெரும்பாலும் பேச்சின் வழியாகவே செயல்படுகின்றன. எனவே, அந்தப் பேச்சு புரியாத நோயாளிக்கு இவற்றால் என்ன பயன் என்ற கேள்வி எழுகிறது.

மாத்திரைக்கு மாற்று தேடப்பட்டது ஏன்?

அச்சம் மனத்தோடு நின்றுவிடுவதில்லை. அட்ரினலின் முதலான சுரப்புகள் கூடுகின்றன, இதயம் வேகமாகத் துடிக்கிறது, இரத்த அழுத்தம் உயர்கிறது. கடும் பதற்றத்துடன் அறுவைச் சிகிச்சைக்குச் செல்பவர்களுக்குப் பின்னர் வலியும் கூடுதலாக இருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. பயத்தினால் சிகிச்சையைத் தள்ளிப்போடுவோரும், குறித்த நாளில் வராமலே இருந்துவிடுவோரும் உண்டு.

முன்னாள்களில் இதற்கு வழக்கமான தீர்வு, அறுவைச் சிகிச்சைக்கு முன்னர் ஓர் அமைதிப்படுத்தும் மாத்திரை கொடுப்பதாகும். இந்த வழக்கத்தைப் பிரெஞ்சு ஆய்வாளர்களே சோதித்துப் பார்த்தார்கள். பிரான்ஸின் ஐந்து போதனா மருத்துவமனைகளில் 1062 நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2015இல் வெளியான ஆய்வில், ஒரு பிரிவினருக்கு லோராஸெபாம் மாத்திரையும், இன்னொரு பிரிவினருக்கு மருந்தற்ற போலி மாத்திரையும் தரப்பட்டன. மூன்றாம் பிரிவினருக்கு எதுவுமே தரப்படவில்லை.

லோராஸெபாம் எடுத்தவர்கள் தங்கள் அனுபவம் மற்றவர்களுடையதைவிட மேலானதாக இருந்தது என்று கூறவில்லை. மாறாக, அவர்களுடைய சுவாசக் குழாயை அகற்றக் கூடுதல் நேரம் பிடித்தது, மயக்கம் தெளிந்த பின் அவர்களது சிந்தனைத் திறன் மீள்வதும் தாமதமாயிற்று. மாத்திரையை எல்லோருக்கும் வழமையாகக் கொடுக்கும் முறை மீது இந்த முடிவு கேள்வி எழுப்பியது. மருந்தல்லாத வழிகள் கவனம் பெற்றதற்கு இத்தகைய முடிவுகளும் ஒரு காரணமாகும்.

முறைகள் எவ்வாறு செயல்படுகின்றன?

இம்முறைகளுள் எளிமையானது மூச்சுப் பயிற்சி. ஐந்து விநாடி மூச்சை உள்ளிழுத்து, ஐந்து விநாடி வெளிவிட்டால் நிமிடத்துக்கு ஆறு மூச்சு என்ற வேகம் கிடைக்கிறது. இந்த மெதுவான வேகத்தில் மூச்சுக்கும் இதயத் துடிப்புக்கும் இடையே ஓர் ஒத்திசைவு ஏற்படுகிறது. உடலை ஓய்வு நிலைக்குக் கொண்டுசெல்லும் வேகஸ் நரம்பின் செயற்பாடு இதில் பங்கு வகிக்கிறது. பிரான்ஸில் இதனை இதய ஒத்திசைவு என்ற பொருள்படும் பெயரால் அழைக்கிறார்கள்.

தசைத் தளர்வுப் பயிற்சி 1920களில் அமெரிக்க மருத்துவர் எட்மண்ட் ஜேக்கப்சனால் உருவாக்கப்பட்டது. கை, தோள், முகம், கால் என்று ஒவ்வொரு தசைக் கூட்டத்தையும் முதலில் இறுக்கிப் பின்னர் தளர்த்துவதே இதன் முறையாகும்.

இசையைப் பொறுத்தவரை, பிரான்ஸில் உருவான ஒரு முறையில் இசைத் தொகுப்பு ஆங்கில யூ எழுத்தின் வடிவில் அமைக்கப்படுகிறது. தொடக்கத்தில் தாளம் விரைவாகவும் இசைக்கருவிகள் பலவாகவும் இருக்கும். படிப்படியாக இரண்டும் குறைந்து, சிறிது நேரம் அடங்கிய நிலையில் நின்று, பின்னர் மீண்டும் மெல்ல உயரும். கேட்பவரின் மூச்சும் அந்த ஓட்டத்தைப் பின்தொடரும் என்பது இதன் அடிப்படை.

அறிதுயில் என்பது உறக்கம் அன்று. நோயாளியின் கவனம் அறுவை அரங்கின் ஒலிகளிலிருந்து விலக்கப்பட்டு, அவருக்கு இன்பம் தரும் ஒரு நினைவின் மீது குவிக்கப்படுகிறது. பெல்ஜியத்தின் லியேஜ் பல்கலைக்கழக மருத்துவமனையில் மயக்க மருந்து நிபுணர் மரி எலிசபெத் ஃபேமோன்வில் 1992 முதல் இதனை உள்ளூர் மரப்பு மருந்துடனும் குறைந்த அளவு அமைதிப்படுத்தும் மருந்துடனும் சேர்த்துப் பயன்படுத்தினார். அங்கிருந்து அது பிரான்ஸுக்கும் பரவியது.

2014இல் பாரிஸ் புறநகரான கிரெத்தெய் நகரின் ஆன்ரி மோந்தோர் மருத்துவமனையில், கினி நாட்டைச் சேர்ந்த பாடகி அலமா காந்தே அறிதுயில் நிலையில் தொண்டைக் கட்டி அகற்றும் சிகிச்சை பெற்றார். குரல் நாண்கள் பாதிக்கப்படுகின்றனவா என்பதை மருத்துவர்கள் அறிவதற்காக, சிகிச்சையின்போதே அவர் பாடினார். மனத்தளவில் தாம் ஆப்பிரிக்காவில் இருந்ததாக அவர் பின்னர் கூறினார்.

இந்தியாவிலிருந்து சென்று, சுற்றித் திரும்பிய கலை

இந்த முறைகளுக்கும் பாரிஸுக்கும் இந்தியாவுக்கும் இடையேயுள்ள தொடர்பு நெடியது. 1784இல் மன்னர் பதினாறாம் லூயி அமைத்த குழு, மெஸ்மர் என்ற மருத்துவரின் "உயிர்க் காந்தம்" பற்றிய கூற்றை ஆராய்ந்தது. பெஞ்சமின் ஃபிராங்க்ளினும் வேதியியலாளர் லவ்வாசியேயும் அதில் இடம்பெற்றிருந்தனர். அப்படியொரு காந்தம் இல்லை, காணப்பட்ட விளைவுகள் நோயாளியின் கற்பனையால் ஏற்பட்டவை என்று குழு முடிவு செய்தது.

கோவாவில் 1756இல் பிறந்த கத்தோலிக்கப் பாதிரியாரான அபே ஃபாரியா, 1813இல் பாரிஸின் கிளிஷி வீதியில் இதுகுறித்துப் பொது விளக்கங்கள் நடத்தத் தொடங்கினார். லாச்சப்பலிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவிலேயே அந்த வீதி உள்ளது. ஆற்றல் செய்பவரிடம் இல்லை, செய்யப்படுபவரின் மன ஒருமைப்பாட்டில்தான் இருக்கிறது என்பது ஃபாரியாவின் கருத்து. இன்றைய மருத்துவ அறிதுயிலும் ஏறத்தாழ அதே கருத்தின் மீதுதான் நிற்கிறது. அவர் 1819இல் பாரிஸில் காலமானார்.

1845இல் வங்காளத்தின் ஹூக்ளியில் ஸ்காட்லாந்து மருத்துவர் ஜேம்ஸ் எஸ்டெயில் இத்தகைய முறையில் அறுவைச் சிகிச்சைகள் செய்தார். ஆனால் 1846இல் ஈத்தரும் அடுத்த ஆண்டில் குளோரோஃபார்மும் வந்ததும் அந்த முயற்சி வலுவிழந்தது.

சோஃப்ரோலஜியின் வரலாறும் இவ்வாறானதே. கொலம்பியாவில் பிறந்த மனநல மருத்துவர் அல்ஃபோன்சோ கைசெதோ இதனை 1960இல் மத்ரிதில் நிறுவினார். 1960களின் நடுப்பகுதியில் இந்தியாவுக்கும் ஜப்பானுக்கும் பயணம் செய்து யோகத்தையும் பௌத்த தியானத்தையும் கற்ற பின்னர், அவற்றின் கூறுகளைத் தமது முறையில் இணைத்துக்கொண்டார். இன்று பாரிஸில் ஒரு தமிழ்த் தாய்க்குப் பிரசவத்துக்கு முன்னர் சோஃப்ரோலஜி என்று சொல்லித்தரப்படும் பயிற்சியில், அவரது பாட்டி அறிந்திருக்கக்கூடிய பிராணாயாமத்தின் சாயல் இருப்பது தற்செயலன்று.

ஆய்வுகள் சொல்வது என்ன?

இம்முறைகள் பற்றிய ஆய்வு முடிவுகள் கலவையாகவே உள்ளன. அறுவைச் சிகிச்சைக்கு முன்னர் இசை கேட்பது பற்றி, 2051 பேர் பங்குபற்றிய 26 ஆய்வுகளைத் தொகுத்து காக்ரேன் அமைப்பு 2013இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. 20 முதல் 80 வரையான பதற்ற அளவுகோலில் இசை கேட்டவர்களின் மதிப்பெண் சராசரியாக 5.72 குறைந்திருந்ததாக அது தெரிவித்தது. பெரிய மாற்றம் அன்று என்றாலும், செலவும் தீங்கும் ஏறத்தாழ இல்லாத ஒரு வழிக்கு அது பொருட்படுத்தத்தக்க பயனே.

அமெரிக்காவில் 241 நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2000இல் லான்செட் இதழில் வெளியான ஆய்வில், குழாய் செலுத்திச் செய்யப்படும் சிகிச்சையின்போது அறிதுயில் பயன்படுத்தப்பட்டது. அதனால் வலியும் பதற்றமும் மருந்துத் தேவையும் குறைந்தன. வழக்கமான முறையில் சராசரியாக 78 நிமிடம் எடுத்த சிகிச்சை, 61 நிமிடத்தில் முடிந்தது.

ஆயினும் எல்லா முடிவுகளும் சாதகமானவை அல்ல. பிரான்ஸில் மார்பகப் புற்றுநோய்க்கான சிறு அறுவைச் சிகிச்சைக்கு உட்பட்ட 150 பெண்களிடம் நடத்தப்பட்ட ஆய்வின் முடிவு 2018இல் வெளியானது. மயக்க மருந்துக்குச் சற்று முன்னர் தரப்பட்ட குறுகிய அறிதுயில் அமர்வு, அறுவைக்குப் பிந்திய வலியைக் குறைக்கவில்லை. பிரான்ஸின் தேசிய மருத்துவ ஆய்வு நிறுவனமான இன்செர்ம் 2015இல் வெளியிட்ட மதிப்பீடும், சில பயன்பாடுகளில் அறிதுயிலுக்கு நன்மை இருப்பதை ஏற்று, வேறு பலவற்றில் போதிய சான்று இல்லை என்றே கூறியது.

குழந்தைகளைப் பொறுத்தவரை எதிர்பாராத ஒரு முடிவு கிடைத்துள்ளது. மயக்க மருந்து தரப்படும் வேளையில் பெற்றோர் உடனிருப்பது மட்டும் குழந்தையின் பதற்றத்தைக் குறைப்பதாகத் தெரியவில்லை என்று 2015இல் வெளியான காக்ரேன் தொகுப்பு கூறியது. கோமாளி வேடமிட்ட கலைஞர்கள், காணொளி விளையாட்டுகள் போன்ற கவனம் திருப்பும் வழிகள் நம்பிக்கை தருவதாக அது குறிப்பிட்டது. பிரெஞ்சு மருத்துவமனைகளில் இத்தகைய கலைஞர்களை அனுப்பும் "லெ ரீர் மெத்சென்" என்ற அமைப்பு 1991இலேயே தொடங்கப்பட்டது.

மொழி என்னும் தடை

பிரெஞ்சுச் சட்டத்தின்படி, திட்டமிட்ட அறுவைச் சிகிச்சைக்குச் சில நாட்களுக்கு முன்னர் நோயாளி மயக்க மருந்து நிபுணரைச் சந்திக்க வேண்டும். 1994ஆம் ஆண்டு டிசம்பர் மாத அரசாணை இதனைக் கட்டாயமாக்கியது. நோய்கள், ஒவ்வாமை, உட்கொள்ளும் மருந்துகள் ஆகியவை விசாரிக்கப்படுவதும், பயத்தைப் பற்றிப் பேச வாய்ப்புக் கிடைப்பதும் இந்தச் சந்திப்பில்தான்.

ஆனால் பல குடும்பங்களில் பிரெஞ்சு தெரிந்தவர் பள்ளி செல்லும் மகனோ மகளோதான். தாயின் கருப்பை அறுவைச் சிகிச்சை பற்றி மகன் மொழிபெயர்க்கும்போது, தாய் பாதியைக் கேட்காமல் விடுகிறார், மகன் பாதியைச் சொல்லாமல் விடுகிறார். ஆபத்துகளை விளக்கும் வாக்கியங்கள் "ஒன்றும் இல்லையாம்" என்று சுருங்கிவிடுகின்றன. அந்தச் சுருக்கம் அன்பினால் நேர்வது என்றாலும், சத்திரசிகிச்சை நாளில் எதிர்பாராத ஒரு குழாயையோ தழும்பையோ காணும்போது அதிர்ச்சி பன்மடங்காகிறது.

சொற்களின் தாக்கம் சாதாரணமானதன்று. "இப்போது வலிக்கும், எரியும்" என்று எச்சரிப்பது வலியையும் பதற்றத்தையும் கூட்டுவதாக 2005இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அறிதுயில் பயின்ற தாதியர் இதனால்தான் தங்கள் சொற்களை எண்ணித் தேர்கிறார்கள். அவ்வாறு தேர்ந்த சொற்கள் அவசர மொழிபெயர்ப்பில் காணாமற்போய்விடுகின்றன.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. தமிழ் உட்படப் பல மொழிகளில் தொலைபேசி மூலம் மொழிபெயர்க்கும் தொழில்முறைச் சேவைகள் பாரிஸில் உள்ளன. 2016ஆம் ஆண்டுச் சுகாதாரச் சட்டம் மருத்துவ மொழிபெயர்ப்பை அங்கீகரித்தது. 2017இல் பிரான்ஸின் உயர் சுகாதார ஆணையம் அதற்கான நெறிமுறைகளை வெளியிட்டது. ஆனால் சேவை இருப்பது வேறு, நெரிசலான மருத்துவமனையில் ஒருவர் அதனை உண்மையில் அழைப்பது வேறு.

கண்ணை மூடச் சொல்வது எல்லோருக்கும் பொருந்தாது

லாச்சப்பல் தமிழர்களைப் பற்றிப் பேசும்போது போரை ஒதுக்கிவிட முடியாது. இவர்களில் கணிசமானோர் 1983 இனக் கலவரத்துக்குப் பின்னர் இலங்கையிலிருந்து தஞ்சம் கோரி வந்தவர்களும், 2009இல் முடிவடைந்த போரின் பல கட்டங்களில் வெளியேறியவர்களும் ஆவர். தடுப்புக் காவலையும் சித்திரவதையையும் அனுபவித்தவர்கள் அவர்களிடையே உள்ளனர்.

அத்தகைய ஒருவரை மேசையில் படுக்கவைத்து, கைகளை வாரால் கட்டி, முகமூடியை மூக்கருகே கொண்டுவந்து, "கண்ணை மூடுங்கள்" என்று சொல்வது பழைய நினைவுகளைக் கிளறிவிடக்கூடும். தளர்வுப் பயிற்சியே சிலருக்குப் பதற்றத்தை உண்டாக்குவது 1980களிலேயே ஆய்வாளர்களால் பதிவு செய்யப்பட்ட ஒன்று. கட்டுப்பாட்டை இழப்பதாக உணர்பவர்களிடம் இது நிகழலாம்.

இத்தகையோருக்குக் கண்களைத் திறந்தவாறே ஒரு புள்ளியைப் பார்க்கச் சொல்வதும், ஒவ்வொரு செயலையும் முன்கூட்டியே சொல்லிச் செய்வதும், கை உயர்த்தினால் நிறுத்துவதாக உறுதியளிப்பதும் பொருத்தமாக இருக்கும். சித்திரவதைக்கு உள்ளானவர்களுக்குச் சிகிச்சை அளிக்கும் பிரிமோ லெவி மையம் 1995 முதல் பாரிஸில் இயங்குகிறது. நாடு விட்டு வந்தவர்களின் உடல்நலத்துக்கான கொமேத் அமைப்பு 1979இல் தொடங்கப்பட்டது.

பழகிய வழிகள்

இதில் யாழ்ப்பாணத்தின் அனுபவம் பயனுள்ளது. உளநல மருத்துவர் தயா சோமசுந்தரமும் அவரது சகாக்களும் போர்க்காலத்தில், பண்பாட்டோடு இணைந்த தளர்வு முறைகளைச் சிகிச்சையில் பயன்படுத்தினர். மூச்சுப் பயிற்சி, சவாசனம் ஆகியவற்றோடு, திரும்பத் திரும்பச் சொல்லும் சொல்லும் அவற்றில் ஒன்று. சைவர்களுக்குப் பிரணவ மந்திரம், கத்தோலிக்கர்களுக்குச் செபமாலை, முஸ்லிம்களுக்கு திக்ரு, பௌத்தர்களுக்குச் சரண மொழி என்று அவரவருக்குப் பழகியதே தேர்ந்தெடுக்கப்பட்டது.

பழகிய சொல்லுக்குப் புதிதாகப் பயிற்சி தேவையில்லை என்பதே இதன் நன்மை. அந்தச் சொல் பிரெஞ்சு மொழியையும் சார்ந்ததன்று. அறுவை அரங்கின் வாயிலில் ஒருவர் மனத்துக்குள் முருகன் பெயரைச் சொல்வதும், செபமாலை மணியை உருட்டுவதும் மூச்சை மெதுவாக்கிக் கவனத்தை ஓரிடத்தில் நிறுத்தும் செயல்களே.

மருத்துவமனை கவனிக்க வேண்டிய சிறு விடயங்களும் உண்டு. மின்கருவியால் ஏற்படக்கூடிய தீக்காயத்தைத் தவிர்ப்பதற்காக நகைகள் அனைத்தையும் கழற்றச் சொல்வது வழக்கம். ஒரு தமிழ்ப் பெண்ணுக்குத் தாலிக்கொடியைக் கழற்றுவது மோதிரத்தைக் கழற்றுவது போன்றதன்று. கடைசி நிமிடத்தில் தாதி கேட்கும்போது அது அபசகுனமாகத் தோன்றுகிறது. முந்திய நாளே சொல்லப்பட்டால், மஞ்சள் பூசிய நூலில் தாலிக்கு மாற்று அணிவது போன்ற வழி இயலுமா என்று அவர் கேட்டறிந்து ஆயத்தமாகலாம்.

எல்லை எங்கே?

துணை முறைகள் என்பவை சிகிச்சைக்குத் துணையாக நிற்பவை, அதற்கு மாற்றாக அமைபவை அல்ல. பிரான்ஸில் சோஃப்ரோலஜிப் பயிற்றுநர், அறிதுயில் சிகிச்சையாளர் ஆகிய பெயர்களைப் பயன்படுத்தத் தனிச் சட்டப் பாதுகாப்பு இல்லை. ஒரு வாரப் பயிற்சி பெற்றவரும் பெயர்ப்பலகை வைக்க இயலும். மருத்துவர், மயக்க மருந்துத் தாதி, உளவியலாளர் போன்ற அங்கீகரிக்கப்பட்ட தொழிலில் உள்ளவர் கூடுதலாக இம்முறையைக் கற்றிருக்கிறாரா என்று பார்ப்பதே பாதுகாப்பானது.

சிகிச்சையைக் கைவிடுமாறு தூண்டுவோருக்கு எதிரான விதிகளை 2024 மே மாதச் சட்டம் கடுமையாக்கியது. புற்றுநோய்க்குச் சிகிச்சை வேண்டாம், தியானமே போதும் என்று கூறுபவர் எந்த மொழியில் பேசினாலும் அவரிடமிருந்து விலகுவதே நல்லது. மூலிகை மருந்து உட்கொள்பவர்கள் அதனை மயக்க மருந்து நிபுணரிடம் மறைக்கக் கூடாது. சில மூலிகைகள் இரத்தப்போக்கைக் கூட்டவும், மருந்துகளின் செயலை மாற்றவும் கூடியவை.

நோயாளி செய்யக்கூடியவை சில உள்ளன. மயக்க மருந்து நிபுணரைச் சந்திப்பதற்கு நாள் குறிக்கும்போதே தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்கலாம். 2002ஆம் ஆண்டு நோயாளர் உரிமைச் சட்டத்தின்படி, வயது வந்த ஒருவரைத் தமது நம்பிக்கைக்குரியவராக எழுத்தில் நியமித்து, மருத்துவச் சந்திப்புகளுக்கு உடன் அழைத்துச் செல்லலாம். அந்தப் பொறுப்பைப் பள்ளிப் பிள்ளையின் தோளில் சுமத்தாமல் இருக்கலாம். தமக்குப் பழகிய இசையைக் காதொலிப்பானில் கேட்க அனுமதி உண்டா என்று விசாரிக்கலாம். சிகிச்சைக்கு இரண்டு வாரம் முன்பிருந்தே நாள்தோறும் ஐந்து நிமிடம் மெதுவாக மூச்சு விடப் பழகலாம்.

இவை எதுவும் அச்சத்தை முற்றிலும் போக்கிவிடப்போவதில்லை. கத்தியின் முன் அஞ்சுவது மனித இயல்பு. ஆனால் புரியாமையால் விளையும் அச்சத்தைத் தவிர்க்க முடியும். அதற்கு வேண்டியவை, நோயாளியின் மொழியில் விளக்கிச் சொல்லும் ஒருவரும், அவ்வாறு ஒருவரைக் கேட்டுப் பெறுவது தமது உரிமை என்று நோயாளி அறிந்திருப்பதும் ஆகும்.